ஓநாய் பரம்பரை

வீட்டு அம்மா பச்சைக்கறி போட ஆரம்பித்ததிலிருந்து பல்லவன் என்ற நாய்க்குத் தலைகால் புரியவில்லை. "நாங்க ஓநாய் பரம்பரை. வேகவச்சதைத் தொடமாட்டோம்" என்று மதில்மேல் உட்காரும் காக்கையிடம் தினமும் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். பருந்துக்குப் பயந்து மதில் தாண்டிய பக்கத்துவீட்டுக் கோழி, நேராகப் பல்லவனின் காலடியில் வந்து விழுந்தது.

"பிள்ளைகுட்டிக்காரி, விட்டுருங்கண்ணே!"

"ஓநாய்கிட்டயே ஒப்பாரியா?" என்று உறுமி வாயைத் திறந்த பல்லவன், திறந்த வாயோடு நின்றுவிட்டது. "ஆமா, உன்னை ஃப்ரீசர்ல வச்சாங்களா?"

"இல்லண்ணே."

"புழு பூச்சி சாக வேணாமா? நல்லா உறையணும். அப்புறம் ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சு இளக்கணும். வெந்நீர்ல கழுவின தட்டுல வைக்கணும். இல்லாட்டி என் வயிறு என்னத்துக்கு ஆகும்?"

கோழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நியாயந்தான். நீங்க கதவைத் திறங்கண்ணே, நானே உள்ள ஏறி உக்காந்துக்கிறேன்."

சமையலறையில் பல்லவன் ஃப்ரிட்ஜைப் பிறாண்டியது, மூக்கால் முட்டியது, கடைசியில் குரைத்தும் பார்த்தது. கதவு அசையவில்லை.

"கொஞ்சம் இரு, அம்மா வந்துடுவாங்க."

வாசலில் கேட் திறந்த சத்தம் கேட்டதும் பல்லவன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அதே கேட் வழியாகக் கோழி வெளியே நடந்து போனது.

மறுநாள் காக்கை வந்தது.

"நேத்து ஒரு கோழி சிக்குச்சு" என்றது பல்லவன். "பாவம், பிள்ளைகுட்டிக்காரி. உயிர்ப்பிச்சை கொடுத்து அனுப்பிட்டேன்."