சிவப்பு அட்டைக்காரர்

தனபாலனின் மரபணுவிலேயே ரத்தக் கொதிப்பும் ரத்தக்குழாய் அடைப்பும் இருக்கின்றன என்று சொல்லி, பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவருக்குச் சிவப்பு அட்டை கொடுத்தார்கள். அன்றிலிருந்து உப்பில்லாத குழம்பு அவருக்கென்று தனிச் சட்டியில் கொதித்தது. சிவப்பு அட்டைக்காரர்களிடம் துக்கச் செய்தி எதையும் சொல்லக் கூடாது என்று சட்டமே இருந்தது.

இன்று காலை செல்போனில் வந்த கடிதத்தை அவர் மூன்று முறை படித்தார். அந்த மரபணு மாறுபாட்டால் கெடுதல் இல்லையென்று இப்போது தெரிந்திருக்கிறதாம். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

"ரேணுகா, எனக்கு ஒண்ணுமே இல்லையாம்!" என்று மனைவியிடம் சொன்னவருக்குச் சந்தோஷப்படுவதா, எரிந்து விழுவதா என்று தெரியவில்லை. ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார், உப்புக் கரிக்கவும் உடனே துப்பினார்.

ரேணுகா அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இனி உங்ககிட்ட எதை வேணாலும் சொல்லலாமுங்களா?"

"தாராளமாச் சொல்லு."

"துபாய்ல இருந்து உங்க தம்பி பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவாருங்கல்ல..." அவள் குரல் உடைந்தது. "ஆறு வருசமா அதை நாந்தான் அனுப்புறேனுங்க."

"ஏன், அவனுக்கு அவ்வளவு வேலையா?" என்று கேட்டார் தனபாலன். அவர் கை மட்டும் சட்டைப் பைக்குள் சிவப்பு அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.