நானூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள்

மனசாட்சிக்குப் பேராசிரியர் வைத்த விலை, ஒரு வருட வேலை. நூலகத்தில் தற்காலிகப் பணியிலிருந்த அவளுடைய பணி நீட்டிப்புத் தாளை மேசைமேல் வைத்து, துணிக்கடைக்காரர் சரக்கை விரித்துக் காட்டுவதுபோல உள்ளங்கையால் நீவிவிட்டார்.

“நூலகக் குழுத் தலைவர்ங்கிற முறையில நான் இதுல கையெழுத்துப் போடணும். நீ அதுல முத்திரை வைக்கணும். கை மாத்திக்குவோம், முடிஞ்சது.”

‘அது’ என்பது அவரே தட்டச்சு செய்து வந்த சான்றிதழ். பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்திலிருந்து அவருடைய கட்டுரை நானூற்றுப் பன்னிரண்டு முறை பதிவிறக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே வாக்கியம். மதியம் அவருக்குத் துறைத் தலைவர் பதவிக்கான நேர்காணல். கையில் இருந்த துருப்புச் சீட்டு அது ஒன்றுதான்.

களஞ்சியப் பொறுப்பாளரான அவள் முத்திரையை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

“முடியாது சார்.”

“ஏன், எண்ணிக்கை தப்பா?”

“திரையில அப்படித்தான் இருக்கு. ஆனா முத்திரை வைக்க மாட்டேன்.”

“வயித்தெரிச்சல்! ‘யாரும் படிக்காததைப் பொட்டலம் கட்டி அடுக்குற பிரிவு’ன்னு போன கூட்டத்துல சொன்னேன்ல? அந்தக் காந்தல் இன்னும் அடங்கல.”

“அடங்கலதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“மத்தவங்க கட்டுரையெல்லாம் பத்து, பதினஞ்சுன்னு ஈ ஓட்டுது. என்னுது மட்டும்தான் போணியாகுது. உன் கடை திறந்திருக்கிறதே என்னாலதான்மா!”

பையிலிருந்து ஒரு வரைபடத்தை உருவி அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“பதினாறு மாசக் கணக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் பூஜ்யம். என் வாசகன் பொழுதுபோகாமப் படிக்கிறவன் இல்ல. வேலை நாள்ல உக்காந்து குறிப்பெடுக்கிறவன்!”

“சார், அந்த எண்ணை விட்டுடுங்க. இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கீங்க, அதைச் சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லதை நான் பாத்துக்கறேன். வைப்பியா, மாட்டியா?”

அவள் நீட்டிப்புத் தாளைப் பார்த்தாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். கை இழுப்பறைப் பிடிவரை போய்த் திரும்பி வந்தது.

“மாட்டேன்.”

தாள் நான்காகக் கிழிந்தது. “உனக்கும் கும்பிடு, இந்தப் பிரிவுக்கும் பூட்டு. போறதுக்கு முன்னாடி அதையாவது சொல்லிட்டுப் போ. என் வாசகர்கள் உனக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?”

துண்டுகளை அவள் பொறுக்கவில்லை. அவள் வாயைக் கட்டி வைத்திருந்ததே அந்தத் தாள்தான். இனி யாருக்குப் பயம்?

“தினமும் வந்ததும், சர்வர் உயிரோட இருக்கான்னு ஒரு கட்டுரையை இறக்கிப் பாப்பேன். அந்தச் சோதனை எண்ணிக்கையில ஏறாதபடி அமைச்சிருக்கணும். அமைக்காதது என் தப்பு. வெளிய தெரிஞ்சா நீட்டிப்பு கிடைக்காதுன்னு கமுக்கமா இருந்தேன். அதுக்கு மேல முத்திரையும் குத்த மனசு வரல.”

“எத்தனையோ ஆயிரம் இருக்கே… என்னுதுதான் கிடைச்சுதா?”

“நாலே பக்கம். சட்டுனு இறங்கும்.”

பேராசிரியர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். வரைபடத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பூஜ்யங்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இதுல… உன்னோடது எத்தனை?”

“நானூத்திப் பதினொண்ணு.”

அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. “அப்போ ஒருத்தர்… ஒருத்தராவது தேடி வந்து படிச்சிருக்கார்!”

“கட்டுரை ஏறின அன்னிக்கு, சரியா ஏறிச்சான்னு ஒருத்தர் திறந்து பாத்திருக்கார். அது நீங்க சார்.”