பழுப்புக் கோட்டு

"கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ தம்பி. பழகின வாசனை இல்லேன்னா என் மாடுங்க கிட்டவே சேர்க்காது."

சொந்த மந்தை தொடங்க டிராவிஸ் கிழவி வெர்னாவிடம் வாங்கிய பசுக்கள் குளிர்காலம் முடியும்வரை அவள் நிலத்திலேயே நின்றன. அவள் கொடுத்த பழுப்புக் கோட்டு அவனுக்குத் தொளதொளவென்றிருந்தது.

"சோளக்கொல்லை பொம்மை தோத்துது போ," என்றாள்.

தினமும் அதோடுதான் வைக்கோல் போட்டான்.

அன்று ஒரு கன்று செத்துப் பிறந்தது. ரத்தம் படாமலிருக்கக் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான் டிராவிஸ். செத்த கன்றின் தோலை உரித்து, தாயில்லாத இன்னொரு கன்றின் முதுகில் கட்டினான். பசு மோந்து பார்த்தது, தன் கன்றின் வாசனைதான் என்று நக்கியது, பால் கொடுத்தது.

அப்போதுதான் கவனித்தான். கோட்டே இல்லாத அவனைச் சுற்றி மற்ற மாடுகளும் சாதுவாக நின்றன.

நிமிர்ந்தான். சமையலறை ஜன்னலில் எப்போதும்போல வெர்னா.

டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போன அவள் மகன் லேனின் கோட்டு அது. மாடுகளுக்காகத்தான் போடச் சொல்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

கையைப் பனியில் துடைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டான். முகம் தெரியாதபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மெதுவாக வைக்கோலைப் பிரித்துப் போட ஆரம்பித்தான்.