பதினோரு பயணிகள்

“குடுக்கறத வாங்கிக்கினு போவாம, வேணாம்னு சொல்ல நீ யாரு சார்?”

செங்கல்பட்டு சர்க்கார் அலுவலக வராந்தாவில் நாகலக்ஷ்மி கேட்டாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிச்சூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது கொளத்துமேடு. எட்டு வருஷத்துக்கு முன்பு வரை தாம்பரத்திலிருந்து தினமும் இரண்டு தடவை பஸ் வந்து போனது. எண்பத்திரண்டாம் வருஷத்து மழையில் ஜல்லி ரோட்டைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. தற்காலிகமாக நிறுத்துகிறோம் என்றார்கள். அதற்கப்புறம் பஸ் வரவேயில்லை.

வேதசிரோமணி அந்த ஊர்க்காரர் இல்லை. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர். மனைவி போனதும் தாம்பரத்து வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, கொளத்துமேட்டில் அரை கிரவுண்டு மனை வாங்கிக் குடிவந்தார். பஸ் இல்லாத ஊரில் வந்து யாராவது வீடு கட்டுவார்களா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். வந்த மாதமே பஸ் கேட்டு மனு போட வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறார் என்றார்கள். சர்ச் கட்ட இடம் பார்க்கிறார் என்றும் பேசிக்கொண்டார்கள். அவர் தேர்தலிலும் நிற்கவில்லை, சர்ச்சும் கட்டவில்லை. நாலு வருஷத்தில் நாற்பத்தோரு மனு மட்டும் போட்டிருந்தார்.

முதல் மனுவில் முதல் கைநாட்டு நாகலக்ஷ்மியுடையது. செங்கல் சூளையில் கூலி வேலை பார்ப்பவள். இன்று சூளைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு வந்திருந்தாள்.

காலையில் அதிகாரி சரோஜினி நல்ல சேதிதான் சொன்னார். ஜூனுக்குள் ஜல்லி கொட்டி, காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் விடலாம் என்றார். நாகலக்ஷ்மி கும்பிடப் போனாள். அதற்குள் வேதசிரோமணி, “ஜல்லி வேண்டாம்மா. மண்ணை மேடாக்கி, ரெண்டு இடத்துல பாலம் கட்டி, தார் ரோடு போட்டுக் கொடுங்க. இருபது வருஷம் தாங்கணும்” என்று சொல்லிவிட்டார். பழைய ஃபைலைப் பார்த்துவிட்டு மதியம் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார் சரோஜினி.

“எம் பெரிய பொண்ணு எட்டாவதோட நின்னுட்சி. பஸ்ஸு நின்னப்ப நின்னது. இப்போ எங்கூட கல்லு தூக்கினு கீது” என்றாள் நாகலக்ஷ்மி. “சின்னது ஜூன்ல ஒம்பதாவது சேரணும், தாம்பரத்துல. ஒனக்கு இருவது வருசம். எனக்கு இந்த ஜூனு சார்.”

“ஜல்லி ஒரு மழை தாங்கும். அடுத்த மழையில அரிச்சிடும். அப்போ உன் சின்னப் பொண்ணு பத்தாவதுல இருப்பா” என்றார் அவர். “தற்காலிகமா நிறுத்தறோம்பாங்க. அப்புறம் ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பி ரிப்போர்ட் கேப்பாங்க. ஆள் ஏறலை, ரோடு சரியில்லைன்னு அவர் எழுதிக் கொடுப்பார். அந்த ஒரு காகிதத்தைத் தாண்டி பஸ் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுதுன்னு உனக்கே தெரியும்.”

அது நாகலக்ஷ்மிக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவள் கோபம் ஆறவில்லை.

பியூன் வந்து கூப்பிட்டார்.

சரோஜினியின் மேஜையில் பழுப்பேறிய ஃபைல் ஒன்று திறந்திருந்தது. “நீங்க போட்ட மனுவெல்லாம் ஏன் திரும்பி வந்துதுன்னு இப்பதான் புரியுது. எண்பத்திமூணுல ஒரு ரிப்போர்ட் இருக்கு. கீழே இன்ஸ்பெக்டர்னு போட்டிருக்கு, கையெழுத்துதான் புரியலை” என்று சொல்லிப் படித்தார். “‘மூன்று நாள் ஊரில் தங்கி நேரில் விசாரித்ததில், பஸ் ஓடியபோது அதை உபயோகித்தவர்கள் தினமும் பதினோரு பேர் மட்டுமே. இச்சாலைக்கு மேற்கொண்டு செலவு செய்வது வீண்.’”

“பதினோரு பேரா?” என்றாள் நாகலக்ஷ்மி. “ஸ்கூலுக்குப் போன பசங்களே முப்பது பேரு கீதும்மா. கறிகாய் கூடையோட மார்க்கெட்டுக்குப் போனவங்கள எண்ணவே இல்லையா? எந்த ஆபீசரும் மூணு நாள் எங்க ஊர்ல தங்கல. தங்கியிருந்தா எங்களுக்குத் தெரியாதா?”

“இருக்கலாம்மா. ஆனா இந்த ரிப்போர்ட் இருக்கிற வரைக்கும் ஜல்லிக்கு மேல என்னால எதுவும் எழுத முடியாது. இது பொய்னு ஆதாரம் கிடைச்சா, அஞ்சு வருஷத் திட்டத்துலயே தார் ரோட்டைச் சேர்க்கச் சொல்லி எழுதுவேன். அது முடியற வரைக்கும் ஜூன்லேர்ந்து ஜல்லி ரோட்டுல பஸ் விடவும் சொல்லலாம்.” சரோஜினி ஃபைலை மூடினார். “ஆனா சும்மா வாயால சொன்னா பத்தாது. விசாரணை வைப்பாங்க. எழுதினவர் ரிடையர் ஆகியிருந்தாலும் அவர் பென்ஷன்ல கை வைப்பாங்க. அதனால நிச்சயமாத் தெரிஞ்சவங்க எழுதிக் கொடுக்கணும்.”

“நான் எழுதிக் கொடுக்கறேன்” என்றார் வேதசிரோமணி. “ரிப்போர்ட் பொய்தான். அந்த மூணு நாள்ல ஒரு நாள் கூட இன்ஸ்பெக்டர் ஊர்ப் பக்கம் வரலை.”

சரோஜினி அவரை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க அப்போ கொளத்துமேட்டுல குடியே இல்லையே சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வேதசிரோமணி மேஜை மேல் இருந்த வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். நாகலக்ஷ்மியை ஒரு தடவை பார்த்தார்.

“அந்த மூணு நாளும் நான் தாம்பரத்தை விட்டு நகரவே இல்லைம்மா” என்றார். “பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில உட்கார்ந்துதான் அந்த ரிப்போர்ட்டை எழுதினேன்.”