ஏழாம் முத்திரைக்கு மேலே

ஃபுஜி மலையின் எட்டாம் நிலைக் குடிலில், கரியடுப்பில் முத்திரைக் கம்பி சிவந்து கிடக்கிறது. காற்று எரிமலைக் கற்பொடியை வாரிக் கதவில் அடிக்கிறது. குடில்காரர் குவாபாரா என் தடியைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். ஏறுகிறவர்களின் தடியில் ஒவ்வொரு நிலைக் குடிலிலும் சுட்டுப் பதிக்கும் முத்திரை, இதில் ஏழாம் நிலை வரைக்கும் இருக்கிறது. அதற்கு மேல் வெறும் மரம். "போன வருஷத் தடியில்ல இது? பாதியிலயே ஓடிட்டியா, தம்பி?" "என் பொண்டாட்டி கயோவோடது. அவளுக்கு மூச்சு முட்டுச்சு. நான்தான் இறங்கச் சொன்னேன்." "இப்ப கீழ உக்காந்துக்கிட்டு உன்னை ஏவி விட்டாளாக்கும்?" "மார்ச்ல செத்துட்டா." அவர் கம்பியை எடுத்துத் தடியில் அழுத்துகிறார். மரம் சுர்ரென்று கருகுகிறது. புகை அடங்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "மேல காத்து பேயா அடிக்குது. போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பிட்டாங்க. தடியை இங்க வச்சிட்டு இறங்கு. காத்து அடங்கினதும் எங்க ஆளு உச்சிக்குப் போவான். மீதி முத்திரையும் வாங்கித் தபால்ல அனுப்புறேன்" என்கிறார். போன வருஷம் நாங்கள் பாதியில் இறங்கி வந்த அன்று, அடிவாரக் கடையில் உச்சி முத்திரை வரை குத்திய தடிகள் விற்பனைக்குத் தொங்கின. கயோ இருமிக்கொண்டே அவற்றைத் தாண்டி நடந்தாள், ஒன்றைக்கூடத் தொடவில்லை. தடியை வாங்க நான் கை நீட்டுகிறேன். "வேணாம்ணே. இது நடந்துதான் மேல போகும்." தடியைக் கொடுத்துவிட்டுக் கதவின் தாழை அவரே நீக்குகிறார். காற்று முகத்தில் அறைகிறது. கருகிய சூடு இன்னும் ஆறாத தடியைக் கற்பொடியில் ஊன்றி, மேலே அடி வைக்கிறேன்.