ஸ்லாவ்காவின் குரல்

"இவருக்கு நாய் குரைச்சாக் கேக்குது, பக்கத்து வீட்டுக்காரி கிசுகிசுத்தாக் கேக்குது. நான் பேசினா மட்டும் கேக்கலம்மா!" என்று செவித்திறன் நிலையத்தில் கணவர் ரூமெனைக் காட்டி ஸ்லாவ்கா குமுறினாள்.

காதுக்கருவியைச் சோதித்த நெவேனா தயங்கினாள். "இது செயற்கை நுண்ணறிவுக் கருவி, அக்கா. ஒவ்வொரு குரலையும் 'வேணுமா?'ன்னு காதுக்குள்ள கேக்கும். இவரோட தலையசைப்பை வெச்சு, எந்தக் குரலை உள்ள விடணும்னு கத்துக்கும்."

ஸ்லாவ்கா சிரித்துவிட்டாள். "அதான பாத்தேன்! வெளிநாட்டு மெஷின். நாம பல்கேரியாக்காரங்க, வேணும்னா பக்கவாட்டுல ஆட்டுவோம், வேணாம்னா மேலயும் கீழயும் ஆட்டுவோம். அது தலைகீழாப் புரிஞ்சுக்கிச்சு."

"இல்லக்கா, நம்ம ஊர் வழக்கத்துக்கு மாத்தித்தான் கொடுத்தேன்."

நெவேனா கருவியை ரூமெனின் காதில் மறுபடி பொருத்தினாள். "அண்ணே, அக்கா குரலும் கேக்கிற மாதிரி வெச்சுடவா?"

மனைவியின் பக்கம் திரும்பாமலே, ரூமென் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.