கூட்டலை மறித்தவன்

"ஏனுங்க தீனதயாளன், எட்டு மணி நேரம் ஓடுன வண்டிய உங்க கம்ப்யூட்டரு பதிமூணுங்குது. அதுக்குக் கூட்டத் தெரியாதுங்களா?"

நாமக்கல் லாரி அதிபர் சின்னராஜ், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவருடைய டிரைவர்களின் நேரத்தைக் கணக்கிடும் மென்பொருளைச் செய்து கொடுத்தது சேலத்தில் இருக்கும் தீனதயாளனின் சிறிய நிறுவனம். பத்து மணி நேரத்தைத் தாண்டினால், டிரைவர் தூங்கி எழும்வரை அது அடுத்த லோடு கொடுக்காது.

"ஒரு வாரமா பாதி வண்டி ஷெட்டுல கெடக்குது. லோடெல்லாம் அடுத்தவன் தூக்கிட்டுப் போறான்."

தீனதயாளன் நிரலைத் திறந்து தேடினார். கூட்டல் குறி இருந்த இடங்களில் எல்லாம் இப்போது ஒரு கட்டளை இருந்தது. தனியாக ஓட்டிப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் கூட்டியது. விடை மட்டும் கூடுதலாக வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது.

"தனியா ஒரு கோப்புல நாலு வரி எழுதி, கூட்டல் நடக்கிற இடத்துல எல்லாம் குறுக்க நிக்க வச்சிருக்காங்க. செக்போஸ்ட் மாதிரி. எண்ணை மறிச்சு, கொஞ்சம் ஏத்தி அனுப்புது."

"தவறிப் போயி நடந்திருக்குமுங்களா?"

"நடக்காது. கூட்டல் குறியை நேரா மறிக்க முடியாதுங்க. ஒவ்வொரு குறியா எடுத்துட்டு, அந்த இடத்துல கட்டளை போடணும். அப்பத்தான் மறிக்கலாம். வேணும்னே உட்கார்ந்து செஞ்ச வேலை."

தௌசீப்பைக் கூப்பிட்டார். அந்தப் பகுதியைப் பார்ப்பவன் அவன்தான். அவன் மறுக்கவில்லை.

"எந்தப் போட்டிக் கம்பெனிக்காரன் சொல்லிச் செஞ்சே, தம்பி?" என்றார் சின்னராஜ்.

"யாரும் சொல்லலைங்க. லோடு ஏத்த வரிசையில நிக்கிற நேரத்தையும் சேர்த்தேன். அவ்வளவுதான்."

"அது ஓய்வுப்பா. எஞ்சின் நின்னா ஓய்வு."

"வரிசை நகர நகர வண்டியை நகர்த்தணும். கண்ணசந்தா பின்னாடி இருக்கிறவன் முன்னாடி போயிடுவான். ரங்கண்ணன் அப்படி விடிய விடிய நின்னுட்டுத்தான் கிளம்பினாரு."

ரங்கன் சின்னராஜின் டிரைவர். போன மாதம் பாலத்துச் சுவரில் மோதிச் செத்தவர். பிரேக் போட்ட தடம்கூடச் சாலையில் இல்லை.

"தண்ணி போட்டிருப்பான்," என்றார் சின்னராஜ்.

"அவரு டீயைத் தவிர எதையும் தொட மாட்டாருங்க."

"இதை எங்கிட்டக் கேட்டிருக்கலாமே தௌசீப்?" என்றார் தீனதயாளன்.

"கேட்டேன் சார். கஸ்டமர் சொன்ன கணக்கை நாம மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க."

தீனதயாளன் மேசையைப் பார்த்தார். சொன்னது ஞாபகம் இருந்தது. சொன்னது சரிதானா என்று அன்றைக்கே யோசித்திருந்தார். யோசித்ததோடு சரி.

"ஒண்ணு இவனை வச்சுக்குங்க, இல்லீன்னா என் வேலையை வச்சுக்குங்க," என்றார் சின்னராஜ்.

சின்னராஜ் தரும் வேலை போனால் அலுவலகத்தையே மூட வேண்டியதுதான். அது மூவருக்கும் தெரியும்.

தௌசீப் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தான். "அனுபவச் சான்றிதழ் கிடைக்குமா சார்?"

"கள்ளக் கணக்குல அனுபவம்னு போட்டுக் குடுங்க," என்றார் சின்னராஜ்.

தீனதயாளன் கணினிப் பக்கம் திரும்பினார். சின்னராஜ் பார்க்கப் பார்க்க அந்தக் கோப்பை அழித்தார். பதிமூன்று எட்டாகிவிட்டது.

சாயங்காலம் சின்னராஜ் போனில் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"காலையில அழிச்சதைத் திரும்ப வைக்க முடியுங்களா?"

தீனதயாளன் அவசரமாகக் கணினியைத் திறந்தார். "முடியுங்க. இன்னைக்கே எல்லா வண்டிக்கும் வச்சிடறேன். தௌசீப்பையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"எல்லாத்துக்கும் எதுக்குங்க? இப்பப் புதுசா எடுத்திருக்கிற வண்டி ஒண்ணுக்கு மட்டும் வைங்க. வரிசையில நின்னவன் கண்ணு எப்படிச் சொருகும்னு எனக்குத் தெரியாதுங்களா, நானும் ஓட்டுனவந்தான். எங்க ஊட்டுல முதலாளி ஆவோணும்னா மொதல்ல ஸ்டியரிங் பிடிக்கோணும். நாளைக்கு எம்பையன் வளவன் அதுல ஏறுறானுங்க."